நான்காம் தொட்டி

தூக்கணம் சுற்றுப்பாதை ஆய்வகம். நிலையப் பதிவேடு, பணிமுறை 31. எழுதுபவர்: உமையாள் கதிரேசன். உடன் யாரும் இல்லை.

நாள் 2. 07:10

பொறுப்பேற்றேன். காற்றழுத்தம் சரி. நீர்ச் சுழற்சி சரி. நான்கு தொட்டிகளிலும் வெப்பம் 37 பாகை.

நாள் அறிக்கை தினமும் மாலை தரைநிலையத்துக்குப் போகும். இந்தப் பதிவேடு போகாது. அடுத்த முறைக்கு வருபவர் படிப்பதற்காக இங்கேயே இருக்கும். அதனால் எல்லோருக்கும் தெரிந்ததையும் எழுதிவைக்கிறேன்.

தொட்டிகளில் கூடு பின்னுகிறது. டி.என்.ஏ. இழைகளால் ஆன கூடு, தலைமயிர் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு புரத இயந்திரம். ஆவணத்தில் அதற்கு ஒரு முழநீளப் பெயர் உண்டு. நாங்கள் மிக்ஸி என்போம். முடிச்சு விழுந்து கட்டிப்போன புரதத்தை நூலாக இழுத்து உள்ளே வாங்கி அரைத்துவிடும். கூட்டில் அந்த நூல் நுழைய மட்டும் ஒரு துளை. கூடு இல்லையென்றால் மிக்ஸிக்கு நல்ல புரதம், கெட்ட புரதம் எல்லாம் ஒன்றுதான். மூடி போடாமல் சட்னி அரைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

எடை இல்லாத இடத்தில்தான் கூடு கோணாமல் மடிகிறது. இவ்வளவு உயரத்துக்கு வந்தது அதற்காக. கூட்டின் மேல் ஒரு பூச்சு. குடலில் கரையாமல் காப்பது அது. பூச்சு என்னுடையது. நான்கு வருட வேலை.

மருந்து ஒரே ஒருவனுக்கு. ஆரோன், ஐந்து மாதம், தூத்துக்குடிப் பக்கம். குடல் சுவர் முழுக்கப் புரதம் கட்டிப்போய்க் குடிப்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. எடை 3 கிலோ 900. பதினாறாம் நாள் மருந்துப் பேழை இங்கிருந்து இறங்க வேண்டும். பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் வாயில்.

நாள் 4. 13:25

நான்கு தொட்டிகளும் நலம். உடைந்த கூடு ஆயிரத்துக்கு இரண்டு. அனுமதி ஐந்து வரை.

அடுத்து வருபவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உறைபெட்டியின் அடித்தட்டைத் திறக்கத்தான் போகிறீர்கள். அங்கே மாதிரிப் பைகளில் இருப்பது தாய்ப்பால். என்னுடையது. என் மகள் தாமிராவுக்கு எட்டு மாதம்.

பால் கொடுப்பவர்களை இந்தப் பணிக்கு எடுப்பதில்லை. ஒரு வருடம் காத்திரு என்பார்கள். என் பூச்சை வேறொருவர் பூசுவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. படிவத்தில் "நிறுத்திவிட்டேன்" என்று எழுதினேன். நிறுத்தவில்லை. இங்கே இருக்கப்போகும் இருபத்துநான்கு நாளும் கறக்காமல் விட்டால் வற்றிப்போகும். கறந்ததை நீர்ச் சுழற்சியில் ஊற்றினால் கொழுப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பைகள்.

கையால் அழுத்தும் பம்பைக் காலுறைக்குள் சுருட்டி எடுத்துவந்தேன். கேமரா கண்ணுக்குப் படாத இடம் இந்த நிலையத்தில் ஒன்றே ஒன்று, நான்காம் தொட்டிக்குப் பின்புறம். ஒரு நாளைக்கு மூன்று முறை அங்கே போகிறேன். தொட்டிக்குப் பின்னால் எதையோ துடைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாள் 9. 16:40

இன்று ஆரோனின் அம்மாவோடு ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். மருந்து செய்கிறவர் முகத்தைப் பார்த்தால் வீட்டாருக்குத் தைரியம் வருமாம். பெயர் ஜெசிந்தா. என்னைவிடச் சின்னவள். புருஷன் விசைப்படகில் போகிறவராம். தரைநிலையத் தலைவர் ஹமீதா மேடமும் இணைப்பில் இருந்தார்.

அவளுக்கு மருந்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறான், சொட்டு மருந்துக்கே வாயைப் பூட்டிக்கொள்கிறான் என்பதுதான் அவள் கவலை. நம் வீடுகளில் செய்வதுதானே, உன் பாலில் குழைத்துக் கொடு, ருசி பழகியது, விழுங்கிவிடுவான் என்றேன். ஹமீதா மேடமும் சரி என்றார். மருந்துக் குறிப்பேட்டில் ஆறிய நீரில் கொடுக்க என்றுதான் இருக்கிறது, ஆனால் சோதனை எலிக்குட்டிகள் எல்லாம் பாலோடுதானே குடித்தன.

பிறகு அவள் கேட்டாள்.

"யக்கா, ஒங்களுக்கும் சின்னப் புள்ள இருக்காம்ல. பாலுக்கு என்ன செய்யுது?"

மேடம் முகம் திரையின் மூலையில் இருந்தது. நிறுத்திவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

"நெஞ்சுறுதிதான் ஒங்களுக்கு" என்றாள்.

நாள் 11. 08:05

நான்காம் தொட்டி. உடைந்த கூடு ஆயிரத்துக்கு நாற்பது.

மற்ற மூன்றிலும் இரண்டு, இரண்டு, மூன்று. கருவிப் பிழையாக இருக்கும். மறுபடி அளக்கிறேன்.

நாள் 11. 08:50

அறுபத்தொன்று. கருவிப் பிழை இல்லை.

வெளியே வந்த மிக்ஸிகள் பக்கத்துக் கூடுகளைப் பூட்டி வைத்திருக்கும் புரதங்களை அரைக்கத் தொடங்கிவிட்டன. ஒன்று திறந்தால் நான்கு திறக்கிறது. நான்காம் தொட்டியை மற்றவற்றிலிருந்து துண்டித்தேன். மருந்து இரண்டாம் தொட்டியிலிருந்து எடுக்கப்படும்.

நாள் 13. 11:30

நான்காம் தொட்டியில் எஞ்சியதை நுண்ணோக்கியில் பார்த்தேன். டி.என்.ஏ. அறுபடவில்லை. முதலில் போனது பூச்சு. ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிந்து நிற்கிறது. என் பூச்சு.

மாதிரி எடுக்கும் வாயின் விளிம்பில் வெள்ளையாக ஒரு காய்ந்த புள்ளி இருந்தது. மிளகைவிடச் சின்னது. சுரண்டிப் பார்த்தேன். கொழுப்பு, சர்க்கரை, புரதம்.

பத்தாம் நாள் என் கணவன் கதிரேசன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். என் மீசையை உன் மகள் பிய்த்துவிட்டாள் என்று புகார், பின்னால் அவள் அழுகை. பம்பைப் பிடித்தபடியே கேட்டேன். அழுகை கேட்டதும் பால் பீய்ச்சிவிட்டது. கோப்பை வழுகியது. எட்டுப் பத்துத் துளிகள் மிதந்தன. எல்லாவற்றையும் துணியால் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நாள் 13. 18:00

அறிக்கையில் "சோப்பு மாசு" என்று எழுதி அனுப்பினேன். சோப்பும் பூச்சை உரிக்கும், பொருந்துகிற பொய். தொட்டியைக் கழித்தாகிவிட்டது, மருந்துக்குப் பாதிப்பு இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்று மூன்று முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஹமீதா மேடம் பதில்: "நல்ல வேளை சீக்கிரம் கண்டுபிடித்தாய். கையுறை மாற்று."

நாள் 16. 15:20

பேழை இறங்கியது. வங்கக் கடலில் விழுந்து மீட்கப்பட்டது. உள்ளே மருந்து ஒரு குப்பி, நிறுத்தி இரண்டு குப்பி. நிறுத்தி என்பது மிக்ஸியின் வாயில் ஆப்பு மாதிரி செருகிக்கொள்ளும் திரவம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மருந்தோடும் போவது.

பேழை பிரிந்தபோது விழுந்த உதையில் பெரிய ஆன்டெனாவின் மோட்டார் சிக்கிக்கொண்டது. படமும் குரலும் போயிற்று. சின்ன ஆன்டெனாவில் எழுத்து மட்டும். 94 நிமிடத்துக்கு ஒரு முறை, ஆறு நிமிடம். மூன்று சின்னச் செய்திகளுக்கு மேல் மேலிருந்து போகாது. மாலை அறிக்கையும் இனி இரண்டு வரிதான்.

பரவாயில்லை. இனி வேலை கீழேதான்.

நாள் 18. 08:21

08:14க்குத் தொடர்பு வந்தது. கீழிருந்து வந்தது ஒரே செய்தி, வாழ்த்து. ஆஸ்பத்திரி தயார் என்றும், ஜெசிந்தா எனக்குச் சொல்லச் சொன்னாள் என்றும். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்:

"யக்காட்ட சொல்லுங்க, அவிய சொன்ன மாதிரியே எம் பால்லயே குழைச்சுக் குடுக்கப் போறேன்."

படித்துச் சிரித்தேன். தொடர்பு 08:20க்கு மூடியது. சிரித்துக்கொண்டே பம்பை எடுக்கப் போனேன். நான்காம் தொட்டிக்குப் போகும் பாதி வழியில் நின்றுவிட்டேன்.

என் பால் என் பூச்சை உரித்தது.

ஐந்து நாளாக இது எனக்குத் தெரியும். ஐந்து நாளும் மறைப்பதிலேயே இருந்தேன். அவளுக்கு நான் என்ன சொன்னேன் என்பது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

நாள் 18. 08:32

சோதனை. ஒன்றாம் தொட்டிக் கூடுகள். குழாய் அ: என் பால், இன்று கறந்தது. குழாய் ஆ: தேநீருக்கு வைத்திருக்கும் பால்மாவு. 37 பாகை. நேரம் தொடங்கியது.

எலிக்குட்டிகள் குடித்தது பால்மாவு. பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்து, பசும்பால் மாவு கரைத்துப் புகட்டி வளர்த்தவை. தாய்ப்பாலில் லாக்டோபெரின் என்றொரு புரதம் கொட்டிக் கிடக்கிறது. பசும்பாலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது டி.என்.ஏ.வைக் கண்டால் விடாது. என் பூச்சைத் தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்ளும். பூச்சு போனால் கூடு திறந்துவிடும், மிக்ஸி அவன் குடல் சுவரையே அரைக்கும்.

குழந்தை வைத்தியத்துக்கென்று செய்த பூச்சு. அதைத் தாய்ப்பாலில் ஒரு முறைகூட நனைத்துப் பார்க்கவில்லை நான்.

நாள் 18. 09:13

நாற்பது நிமிடம். குழாய் ஆ: ஆயிரத்துக்கு மூன்று. குழாய் அ: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஆயிரத்துக்கு அல்ல. நூற்றுக்கு.

அடுத்த தொடர்பு 09:48. மருந்து 10:00. பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. போதும்.

நாள் 18. 09:55

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

09:48. நான்: "மருந்தைத் தாய்ப்பாலில் கலக்காதீர்கள். பூச்சு உரிகிறது. 40 நிமிடத்தில் நூற்றுக்கு 91 கூடு திறந்தது."

09:50. ஹமீதா மேடம்: "எலிகளில் பாலோடு எந்தப் பிரச்சினையும் இல்லை. குழந்தை மோசமாக இருக்கிறான், டாக்டர் தள்ளிப்போட மறுக்கிறார். எதை வைத்துச் சொல்கிறாய்?"

09:51. நான்: "இப்போது சோதித்தேன். பசும்பால் மாவில் பாதுகாப்பு. தாய்ப்பாலில் மட்டும் உரிகிறது."

09:52. ஹமீதா மேடம்: "அங்கே தாய்ப்பால் ஏது?"

மூன்றாவது செய்திதான் மிச்சம். விரல் விசைமேல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று பிறகு கருவியில் பார்த்தேன்: நாற்பத்தேழு நொடி. அந்த நாற்பத்தேழு நொடியில் வேறு பொய் ஒன்று கிடைக்குமா என்று தேடியிருக்கிறேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

09:53. நான்: "என்னுடையது. மகளுக்கு எட்டு மாதம். படிவத்தில் எழுதியது பொய். நான்காம் தொட்டியில் விழுந்தது சோப்பு இல்லை, என் பால். நிறுத்தி தயாராக இருக்கட்டும்."

09:54. தொடர்பு மூடியது. கிடைத்தது என்று பதில் வரவில்லை.

நாள் 18. 10:00

மணி பத்து.

நாள் 18. 10:22

மார்பு நனைந்துவிட்டது. பம்பைத் தொடவே இல்லை. ஒரு குழந்தை வாயைத் திறப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உடை நனைந்து குளிர்ந்ததும்தான் புரிந்தது. நான் சொன்னது கலக்காதே என்று மட்டும். ஆறிய நீரில் கொடுத்தாலும் உள்ளே போய்ச் சேருகிற இடம் பால் நிறைந்த வயிறு. கொடுத்த பிறகு அழுவான். அழுதால் எந்த அம்மாவும் என்ன செய்வாள்?

பால் கொடுப்பாள்.

அதைச் சொல்லவில்லை. மூன்று செய்தியில் ஒன்றில்கூட அதைச் சொல்லவில்லை.

11:22 வரை இங்கிருந்து ஒரு எழுத்துப் போகாது.

நாள் 18. 10:41

பெரிய ஆன்டெனா மோட்டாரைக் கைப்பிடியால் திருப்பப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளங்கை கிழிந்தது. ரத்தம் மணிமணியாக மிதந்தது. துணியால் பிடித்தேன். இந்தத் தடவை எண்ணிப் பிடித்தேன். பதினாறு.

நாள் 18. 11:05

செய்தியை எழுதி வைத்துவிட்டேன். தொடர்பு திறந்ததும், வந்ததைப் படிக்காமல் முதலில் இதை அனுப்ப வேண்டும்.

கீழே தாமிராவுக்குக் கூழ் ஊட்டும் நேரம். கதிரேசன் கரண்டியை விமானம் மாதிரி ஓட்டிக் காட்டுவான். அவள் வாயை மூடிக்கொள்வாள். அவன் தானே தின்றுவிட்டு, "ஒங்க அம்மா மேல விமானத்துலதான் இருக்கா, ஒனக்கு இது பிடிக்கலையா" என்பான்.

நாள் 18. 11:29

11:22. அனுப்பினேன்: "தாய்ப்பால் கொடுப்பதையே நிறுத்துங்கள். உடனே. மருந்து நீரில் கொடுத்திருந்தாலும் வயிற்றுப் பால் கூட்டைத் திறக்கும். மூன்று நாள் பால்மாவு மட்டும்."

அதே நேரம் வந்தது: "உன் செய்தி 09:54க்குக் கிடைத்தது. ஆனால் பசித்து அழுகிறான் என்று நர்ஸ் 09:35க்கே கால் பங்கைப் பாலில் குழைத்துக் கொடுத்திருந்தார். நிறுத்தி முதல் குப்பி 10:11க்குக் கொடுத்தோம். இப்போது அமைதி. ஜெசிந்தா மடியில் போட்டுப் பால் கொடுத்துத் தூங்கவைக்கிறாள்."

09:35 முதல் 10:11 வரை முப்பத்தாறு நிமிடம். நாற்பதுக்குள்தான். ஆனால் மடியில் இருக்கிறான். நான் படிக்கும்போது குடித்துக்கொண்டிருக்கிறான். திறக்காமல் தங்கிய கூடுகளின் மேல் புதுப் பால்.

11:24. நான்: "வாயை எடுக்கச் சொல்லுங்கள். முதல் குப்பியின் வீரியம் தீர்ந்திருக்கும். இரண்டாம் குப்பி இப்போதே."

11:26. பதில்: "கிடைத்தது. கொடுக்கிறோம்."

11:27. பதில்: "12:56க்கு நிலையத்தின் கட்டுப்பாட்டைக் கீழிருந்து எடுத்துக்கொள்கிறோம். பதிவேடு உட்பட எல்லாம் பூட்டப்படும். தொட்டிகளைத் தொடாதே. உன்மேல் எனக்குக் கோபம் வர இன்னும் நேரம் கிடைக்கவில்லை, உமையாள்."

நாள் 18. 12:20

அடுத்து வருபவருக்கு.

ஒன்றாம், மூன்றாம் தொட்டிகளில் நல்ல கூடு இருக்கிறது. மருந்து மிச்சம் முக்கால் பங்கு கீழே இருக்கிறது. மூன்று நாள் தாய்ப்பால் இல்லாமல் இருந்தால் அவன் வயிறு சுத்தமாகும். அப்போது ஆறிய நீரில் கொடுக்கலாம். மூன்று நாள் அவன் தாங்குவானா என்பது எனக்குத் தெரியாது. எடை 3 கிலோ 700 என்று நேற்றைய செய்தியில் இருந்தது.

அடித்தட்டில் நாற்பத்தெட்டுப் பை இருக்கிறது. எறிந்துவிடாதீர்கள். என் மகளுக்காகச் சொல்லவில்லை. புதுப் பூச்சு செய்பவர் முதலில் அதில் நனைத்துப் பார்க்கட்டும்.

பூச்சை நீங்கள் மாற்றுவீர்கள். என்னை இனி விடமாட்டார்கள்.

நாள் 18. 12:56

திறந்தது.

ஹமீதா மேடம்: "இரண்டாம் குப்பி 11:31. 12:10க்கு லங்கோட்டில் ஒரு பொட்டு ரத்தம். அதற்குப் பிறகு இல்லை. இதுவரை இல்லை. இனி நிறுத்தியும் இல்லை. ஜெசிந்தா பால்மாவைக் கொடுக்க மறுக்கிறாள். நர்ஸ் பேச்சைக் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்பாளாம். கீழே இருப்பது அவள் சொன்னது."

"யக்கா, பால்ல குழைச்சுக் குடுன்னு சொன்னதும் நீங்கதான். இப்பப் பாலே குடுக்கக் கூடாதுங்கிறதும் நீங்கதான். புள்ள நெஞ்சப் பிராண்டுறான். எனக்கு ரெண்டு பக்கமும் கல்லாக் கெட்டிக்கிட்டு. கொஞ்சமாக் குடுத்தா என்னன்னு தோணுது. நீங்க நிறுத்துனப்ப எப்படித் தாங்குனீய? அத மட்டும் சொல்லுங்க."

மேடமும் படிக்கிறார். எல்லோரும் படிக்கிறார்கள்.

12:58. நான்: "நான் நிறுத்தவே இல்லை, ஜெசிந்தா. உன்னிடம் பொய் சொன்னேன். என்னால் முடியவில்லை. நீ நிறுத்து. ஒரு சொட்டும் வேண்டாம்."

12:59. நான்: "அவன் பிராண்டட்டும். நானும் இங்கே கறக்காமல் இருக்கிறேன். மூன்று நாள். சேர்ந்தே."

பதில் இல்லை.

13:00. இல்லை.

பம்பைக் கழிவுப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டேன். கேமரா பார்க்கிற இடத்தில் நின்றுதான் போட்டேன்.

13:01. திரையின் ஓரத்தில் பூட்டுக் குறி வந்துவிட்டது. இதையும் சேர்க்க வேண்டும்: நாள் 13 அறிக்கையைத் திருத்தவும். நான்காம் தொட்டியில் சோப்பு விழவில்லை. நான்காம் தொட்டியில்

செய்தி வருகிறது. ஜெசிந்தாதான். "யக்கா, பால்மாவக் கலக்கச் சொல்லிட்டேன், ஆனா அவன்